தரையிலிருந்து இயக்கும் ஃபாலோ ஸ்பாட்: நான்கு ஆண்டு அனுபவம்

பாடகர் மேடையில் எங்கே நகர்ந்தாலும் அவரை விட்டு விலகாத ஒளிவட்டத்தை (ஃபாலோ ஸ்பாட்), மேடைக்கு மேல் விளக்குகளைத் தாங்கும் உலோகச் சட்டகமான ட்ரஸ்ஸின் மேல் அமர்ந்து கையால் திருப்பும் வேலையை ஒன்பது ஆண்டுகள் செய்தேன். பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸை மாட்டிக்கொண்டு கயிற்றேணியில் பத்து மீட்டர் ஏறிவிட்டால், நிகழ்ச்சி முடியும்வரை இறங்க இயலாது. மூன்றரை மணி நேரத் திரையிசைக் கச்சேரி என்றால், மாலையிலிருந்தே தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். கடந்த நான்கு ஆண்டுகளாக அதே வேலையை மேடைக்குப் பின்னால், தரையில், ஒரு திரையின் முன் நின்று செய்து வருகிறேன்.

ட்ரஸ்ஸில், மோட்டாரால் தலை திரும்பும் மூவிங் ஹெட் விளக்கு ஒன்றும் அதனுடன் ஒரு கேமராவும் தொங்கும். கீழே இருப்பவர் கேமராவின் படத்தைப் பார்த்தபடி கைப்பிடியைத் திருப்ப, அந்த அசைவு, மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் தரவாக விளக்குக்குச் செல்லும். பிஆர்ஜி நிறுவனத்தின் கிரவுண்ட்கண்ட்ரோல், ரோபே நிறுவனத்தின் ரோபோஸ்பாட் ஆகியவை இந்த வழியில் இயங்குபவை. நெதர்லாந்தின் ஃபாலோ-மீ என்னும் கருவி, மேடையின் முப்பரிமாண அளவுகளைக் கணக்கிட்டு, ஒரே சுட்டியின் அசைவில் பல விளக்குகளை ஒரே ஆளின்மேல் திருப்புகிறது. நான் பெரும்பாலும் பயன்படுத்துவது முதல் வகை.

நுண்மையைப் பற்றிய என் ஐயம் விரைவில் தீர்ந்தது. 540 பாகை சுழலும் விளக்கை 8 பிட்டில், அதாவது ஒரே டிஎம்எக்ஸ் சானலில், இயக்கினால் 256 படிகள்தான் கிடைக்கும். 25 மீட்டர் தொலைவில் ஒரு படி ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். 16 பிட்டில் 65,536 படிகள் என்பதால் அதே தொலைவில் ஒரு படி 4 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒருமுறை விளக்கின் மோட் (இயக்க முறை) தவறாக வைக்கப்பட்டு, 16 பிட்டுக்குத் தேவையான இரண்டாவது சானலான நுண்சானல் வராமல் போக, ஒத்திகை முழுவதும் ஒளிவட்டம் தத்தித் தத்திச் சென்றது. அன்று முதல் விளக்கைத் தொங்கவிடும் முன்பே, தரையில் வைத்து மோடைச் சரிபார்த்துவிடுகிறேன்.

உண்மையான சிக்கல் தாமதம். 25 ஃபிரேம் கேமராவில் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி நொடி. படத்தைச் சுருக்கி, நெட்வொர்க் வழியே அனுப்பி, மீண்டும் விரித்துத் திரையில் காட்டுவதற்குள் ஐந்து ஃபிரேம்கள் கடந்துவிட்டால், நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடக்கும் பாடகர் 30 சென்டிமீட்டர் முன்னே போயிருப்பார். ஓடுபவர் வட்டத்தை விட்டே வெளியேறியிருப்பார். மேலே அமர்ந்திருந்த காலத்தில் கண்ணுக்கும் ஆளுக்கும் இடையில் எதுவும் இருந்ததில்லை. இந்த இழப்பை நான் இன்றும் உணர்கிறேன். நெட்வொர்க் கேமராவை அகற்றிவிட்டு படத்தைச் சுருக்காமல் அனுப்பும் எஸ்டிஐ கேபிளை நேரடியாகத் திரைக்கு இழுத்த பிறகு தாமதம் பாதியாகக் குறைந்தது. மீதியைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது: திரும்பப் போகிறவரின் தோள், காலுக்கு முன்பே திரும்பிவிடும்.

இருட்டிலும் கேமரா தடுமாறும். எல்லா விளக்குகளும் அணைந்த நிலையில் பாடகர் மேடையேறி, முதல் சொல்லோடு ஒளி விழ வேண்டிய தருணத்தில், சாதாரண கேமராவின் திரையில் கறுப்பைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் அகச்சிவப்புக் கேமரா வந்தபோதுதான் எனக்கு நிம்மதி பிறந்தது. பின்னால் எல்இடி திரை வெளுத்து எரியும்போது, கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷர் (ஒளி ஏற்பு அளவு) பாடகரை நிழலுருவாக்கிவிடும் என்பதால், அதைக் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிட வேண்டும்.

மேடையிலிருந்து பார்வையாளர்களுக்குள் நீளும் நடைமேடையான ராம்ப் இருந்தால், விளக்கை அதற்கு நேர் மேலே தொங்கவிடக் கூடாது. பாடகர் விளக்கின் அடியைக் கடக்கும் கணத்தில், அவரைத் தொடர்வதற்காக ஹெட் திடீரென அரைச் சுற்றுச் சுழல நேரும். ஒளி எங்கோ போய்விட்டு வரும். இரண்டு மீட்டர் பக்கவாட்டில் தள்ளித் தொங்கவிட்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் மீண்டும் மேலே ஏற மாட்டேன். காற்றடிக்கும் திறந்த மைதானத்தில், ஆடும் ட்ரஸ்ஸின் மேல் ஒரு மனிதர் உட்கார வேண்டியதில்லை என்பதே எனக்குப் போதுமான காரணம். ஆளின் எடை இல்லாததால் பின் ட்ரஸ்ஸிலும் விளக்கைத் தொங்கவிட முடிகிறது. தலைமுடியின் ஓரத்தில் விழும் அந்தப் பின்னொளி பாடகரைத் திரையிலிருந்து பிரித்துக் காட்டும் அழகை முன்பு எங்களால் தர முடிந்ததில்லை. ஒளியளவை லைட்டிங் கன்சோலில் இருப்பவரிடம் விட்டுவிட்டு, ஒளிவட்டத்தின் அளவை மாற்றும் ஐரிஸையும் ஜூமையும் நான் வைத்துக்கொள்கிறேன். நடனம் மிகுந்த நிகழ்ச்சிகளுக்கு மட்டும், மேடைக்கு எதிரே, ஒலி மேசைக்கு அருகிலுள்ள உயரமான தளத்தில், கையால் இயக்கும் ஸ்பாட் ஒன்றையும் கேட்டு வாங்குகிறேன்.

வாடகைக்கு எடுக்கும் கருவி எதுவானாலும், முதலில் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதைக் கேமராவின் முன் பிடித்து, கைப்பேசியும் கண்காணிப்புத் திரையும் ஒன்றாகத் தெரியுமாறு ஒரு புகைப்படம் எடுக்கிறேன். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடுதான் தாமதம். 100 மில்லி நொடிக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். 150ஐத் தாண்டினால் கேமராவை மாற்றித் தரச் சொல்கிறேன்.