கோத்தகிரி மிஸ்ட்டுல தெர்மல் + சாதா லென்ஸ் கேமரா, யூஸ் பண்ணிப் பாத்ததுல

எங்க வீடு கோத்தகிரில எஸ்டேட் ஓரமா இருக்கு, கேட்டுல இருந்து தேயிலைக்கு நடுவுலதான் வழி, சாயங்காலம் மிஸ்ட் இறங்கிட்டா கேட்டுல யாரு நிக்கிறாங்கன்னே தெரியாது. பழைய நைட் விஷன் கேமராவுல அதோட லைட்டே மிஸ்ட்டுல பட்டுத் திரும்பி வந்து படம் பூரா வெள்ளையாயிடும். அதான் சூட்டை வெச்சுப் படம் காட்டுற தெர்மல் லென்ஸும் சாதா லென்ஸும் ஒண்ணா இருக்குற, முகத்தைக் கண்டுபிடிச்சு போனுக்கு அலர்ட் அனுப்புற மாடலா பாத்து மாட்டுனோம்.

ரொம்ப திருப்தி. உடம்புல இருந்து வர்ற சூட்டை 8-14 மைக்ரோமீட்டர் அலைநீளத்துல தெர்மல் சென்சார் பிடிக்குது, வெளிச்சமே வேண்டியதில்ல. ஆனா தெர்மல்ல மட்டும் பாத்தா ஆளு யாருன்னு சொல்ல முடியாது, வாட்ச்மேன் அண்ணன் குல்லா மஃப்ளரோட வர்றப்ப கண்ணைச் சுத்தி மட்டும் பளிச்னு இருக்கும், குளிர்ல மூக்கு நுனி கறுத்துக் கெடக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தா அந்த எடமே ரெண்டு கறுப்பு வட்டம்தான். சாதா லென்ஸை மட்டும் நம்புனா எதிர் சுவத்துல ஒட்டுன எலக்சன் போஸ்டரையும் ஆளுன்னு எடுத்துக்கும். இதுல ரெண்டும் சேந்து பாக்குது, போஸ்டர்ல முகம் இருக்கு சூடு இல்ல, விட்டுடுது, கரடி வந்தா சூடு இருக்கு மனுஷ முகம் இல்ல, அதுக்கு வேற அலர்ட் வருது. இந்த ஒண்ணுக்கே காசு குடுக்கலாங்க, விடியக்காலைல இருட்டோட கேட்டைத் தொறக்கப் போறவங்க இருக்குற வீடு இது.

குறையும் இருக்கு. ஆளு ரொம்பக் கிட்ட வந்துட்டா, ரெண்டு லென்ஸும் பக்கத்துல பக்கத்துல இருக்குறதால படம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராது, முகத்தைச் சுத்தி கேமரா போடுற கட்டம் முகத்துல விழாம காதோரம் விழுது. மிஸ்ட் நல்லா கெட்டியாயிட்டா தெர்மலும் மங்குது. மாட்ட வந்தவரு மழைல நனையாம ஜன்னலுக்கு உள்பக்கம் வெச்சிடலாம்னாரு, தயவுசெஞ்சு அப்படி வெக்க விடாதீங்க, தெர்மலுக்கு கண்ணாடின்னா செங்கச் சுவர் மாதிரி, வெளிய இருக்குற சூடு எதுவும் தெரியாது.

வாங்குறப்ப தெர்மல் ரெசல்யூஷன் கண்டிப்பா கேளுங்க. 160x120னா மொத்தமே 19,200 புள்ளி, கொஞ்சம் தூரத்துல நின்னாலே முகத்துக்கு ஏதோ நாலஞ்சு புள்ளிதான் மிஞ்சும், 256x192 எடுத்தா தேவலை. மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கறவங்க யோசிச்சு வாங்குங்க, அங்க மே மாச வெயில்ல சுவரும் ரோடும் உடம்பு சூட்டுக்கே வந்துடும், ஆளு தனியா தெரியாது, நல்ல சாதா கேமராவே போதும்.