'பாலிபியஸ்' ஆர்கேட் மெஷின் விற்பனைக்கு என்று பார்த்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட், பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பக்கம் பழைய ஆர்கேட் மெஷின், அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி, தேடி வாங்கும் தமிழ் ஆட்கள் சிலர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாலிபியஸ் என்று சொல்லி ஒருவர் விற்ற மெஷினுக்காகப் போன மாதம் நான் 2,400 டாலரைப் பறிகொடுத்தேன். அந்த ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1981-இல் போர்ட்லண்ட் புறநகர் ஆர்கேட்களில் (விளையாட்டுக் கூடங்களில்) பாலிபியஸ் என்று ஒரு விளையாட்டு கொஞ்ச நாள் இருந்ததாம். ஆடிய பிள்ளைகளுக்குத் தூக்கம் போனதாம், கெட்ட கனவு வந்ததாம், ஞாபகம் தப்பியதாம். கறுப்பு உடுப்புக்காரர்கள் வந்து, காசுப்பெட்டியைத் தொடாமல், மெஷினில் பதிவான தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்களாம். பிறகு ஒரு நாள் எல்லா மெஷினும் மாயம். ரகசிய அரசு அமைப்பு ஒன்று கிடங்கில் பூட்டி வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள்.

விற்றவர், தன் மாமனார் அந்தக் கிடங்கில் வேலை பார்த்தவர் என்றார். ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே தட்டச்சு செய்த இரண்டு தாள், பாதி வரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. மெஷினின் பின்கதவில் கழுகு முத்திரை போட்ட ஸ்டிக்கர். "இதைக் கிழித்தால் விலை பாதியாகிவிடும், திறக்க வேண்டாம்" என்றார்.

நான் திறக்கவில்லை. வேறு எந்த மெஷினாக இருந்தாலும் முதலில் டார்ச்சை எடுத்துப் பின்கதவுக்குத்தான் போவேன். இங்கே அந்த ஸ்டிக்கர் என் கையைக் கட்டிப் போட்டது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு யார் தயாரிப்பு, சீரியல் நம்பர் எங்கே என்று எதைக் கேட்டாலும், "ரகசியப் பொருளில் அதெல்லாம் இருக்காது" என்ற ஒரே பதில். அத்தாட்சி இல்லாததே அத்தாட்சி ஆகிவிட்டது. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ மனதைக் கட்டுப்படுத்துவதற்காகச் செய்த எம்கே அல்ட்ரா சோதனைகள் நிஜமாகவே நடந்தவை, 1973-இல் அதன் கோப்புகளை அவர்களே அழித்தார்கள் என்று படித்தவன் நான். அதனால் என் மனமும் இசைந்து கொடுத்தது.

சுவிட்ச் போட்டுக் காட்டினார். பெயர் வந்தது, சுழல் சுழலாகக் கோடுகள் வந்தன. வெக்டர் திரை, பழசு, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்றார். சாய்ந்த கோடுகள் படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாகத் தெரிந்ததை அப்போதே பார்த்தேன். டெம்பஸ்ட், அஸ்டராய்ட்ஸ் ஆடியவர்களுக்குத் தெரியும், புள்ளிகளாக இல்லாமல் கோடாகவே வரையும் வெக்டர் திரையில் கோடு இழுத்த கம்பி மாதிரி நேராக இருக்கும். பார்த்தும் கேட்காமல் விட்டேன்.

வீட்டில் மூன்றாம் நாள் திரை இருண்டது. என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார், இருபது வருடமாக இந்த மெஷின்களைப் பழுது பார்ப்பவர். ஸ்டிக்கரை அவரே பிளேடால் கீறினார். உள்ளே கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கணினி எல்சிடி திரை. வயர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் 56 முனை ஜாமா இணைப்பு, போர்டை மெஷினோடு சேர்க்கும் பொது முறை. "தம்பி, இந்த இணைப்பு முறையே ஜப்பானில் 1985-லதான் வந்தது" என்றார். பவர் சப்ளையில் ஒரு சிப்பைக் காட்டினார். 9238 என்று அச்சிட்டிருந்தது, அதாவது 1992-ஆம் வருடம் 38-ஆவது வாரம். பக்கப் பலகையைச் சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தால், கறுப்புப் பெயின்டுக்கு அடியில் வேறொரு விளையாட்டின் ஸ்டிக்கர் விளிம்பு மேடாகத் தெரிகிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியது. 1981 நவம்பரில் போர்ட்லண்ட் ஆர்கேட் ஒன்றில் 12 வயதுப் பையன் ஒருவன் சாதனைக்காக 28 மணி நேரம் அஸ்டராய்ட்ஸ் ஆடி வயிற்று வலியோடு நிறுத்தினான். அதே நாள் டெம்பஸ்ட் ஆடிய இன்னொருவனுக்குக் கடும் ஒற்றைத் தலைவலி. சில நாளில் சூதாட்டம் நடக்கிறதென்று ஆர்கேட்களில் ஃபெடரல் அதிகாரிகள் சோதனை. கதைக்கு விதை இதுவாகத்தான் இருக்க வேண்டும். பாலிபியஸ் என்ற பெயரோ அந்தக் காலத்துச் செய்தித்தாளிலோ விளையாட்டு இதழிலோ இல்லை. 2000 வாக்கில் இணையத்தில் முளைத்து, 2003 செப்டம்பர் கேம்ப்ரோ இதழில் அச்சேறியது. தயாரித்ததாகச் சொல்லப்படும் 'ஸின்னஸ்லோஷன்' என்ற ஜெர்மன் மாதிரியான நிறுவனப் பெயரையே ஜெர்மன்காரர்கள் அப்படிச் சேர்த்து எழுத மாட்டார்கள்.

அரசுக்கென்று நிஜமாகவே ஆர்கேட் மெஷின் செய்ததுண்டு. பேட்டில்ஸோன் என்ற டாங்கி விளையாட்டை மாற்றி, பிராட்லி கவச வண்டி வீரர்களின் பயிற்சிக்காக அமெரிக்க ராணுவத்துக்கு அடாரி நிறுவனம் செய்து கொடுத்தது. இரண்டே இரண்டு மாதிரிகள்தான் செய்தார்கள். அதை வடிவமைத்த எட் ரோட்பர்க், தனக்கு அந்த வேலையில் விருப்பமே இல்லை என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நிஜப் பொருளுக்குச் செய்தவர் பெயர் உண்டு. அமெரிக்க அரசு கழித்துவிடும் பொருளைப் பொதுஏலத்தில்தான் பெரும்பாலும் விற்கிறது, ஏலம் எடுத்தவரிடம் ரசீது இருக்கும். அதைக் கேளுங்கள். பின்கதவைத் திறந்து காட்டாவிட்டால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

பணத்தை ஆப் வழியாக அனுப்பியிருந்தேன். நீங்களே அனுப்பியது, திருப்ப முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விற்றவர் ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: "உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லையே." பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநில வான்கூவரிலிருந்து புது விளம்பரம் வந்திருக்கிறது. வேறு பெயர், வேறு கேபினெட், விலை 3,100. ஆனால் பின்கதவில் அதே ஸ்டிக்கர். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அமெரிக்க அரசு முத்திரையில் கழுகு ஆலிவ் கிளைப் பக்கம், பார்ப்பவருக்கு இடது பக்கம், தலையைத் திருப்பியிருக்கும். இந்த ஸ்டிக்கரில் கழுகு அம்புகளைப் பார்க்கிறது.