கண்ணாடிக் குவளையில் இருந்த பலகையும் என் வீட்டுக்கு வந்த பலகையும்

சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரியைத் துடைக்கப் போனேன். தரைப்பலகை ஒரு மூலையில் லேசாக உப்பியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தால் நகக்கண்ணில் ஈரமான மரத்தூள். சமையலறையைப் புதுப்பித்து அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தண்ணீரில் போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி விற்ற பலகை அது.

வாயால் சொன்னதோடு விடவில்லை, கண்ணுக்கும் காட்டினார்கள். அந்த நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் நுழைந்ததும் பெரிய கண்ணாடிக் குவளை ஒன்று இருக்கும். முக்கால்வாசி தண்ணீர், அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளைவுட் துண்டு. "மூன்று மாதமாக இப்படியேதான் கிடக்கிறது, மேடம்" என்று சொல்லி, விற்பனையாளர் அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். ஓரத்தில் மெல்லிய மரத்தகடுகள், ஒன்று நெடுக்கிலும் அடுத்தது குறுக்கிலுமாக, வரிசையாகத் தெரிந்தன. ஓர் அடுக்குகூடப் பிரியவில்லை. நானும் கணவரும் அந்தத் துண்டைப் பார்த்துத்தான் முன்பணம் கொடுத்தோம்.

பொருள் பட்டறையில் மாறியது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது காகிதத்திலேயே மாறியிருந்தது. விலைப்புள்ளியை இப்போது எடுத்துப் பார்த்தால், "நீர் எதிர்ப்புப் பிளைவுட் அல்லது அதற்கு இணையானது" என்று இருக்கிறது. டைல்ஸ் வரியிலும் அதே வால். கீல், குழாய், தரைப்பூச்சு, எல்லாவற்றுக்கும் அதே வால். கையெழுத்துப் போட்ட நாளில் அந்த மூன்று சொற்கள் என் கண்ணில் படவே இல்லை. கதவுக்குச் சுண்ணாம்பு வெள்ளையா, பால் வெள்ளையா, தந்த வெள்ளையா என்று இரண்டு வாரம் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கதவு எதனால் ஆனது என்று இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை.

எங்களுக்கு வந்தது என்ன என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், பழுது பார்க்க வந்த ஒரு தச்சர். அலமாரிக் கதவின் கீலைக் கழற்றச் சொன்னார். இந்த வகைக் கீல்கள் உட்கார, கதவின் உட்புறத்தில் 35 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டக் குழி தோண்டியிருப்பார்கள். பலகையின் மேல் ஒட்டும் லேமினேட் தாள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அந்தக் குழியை மறைக்காது. பிளைவுட் என்றால் குழியின் சுவரில் அடுக்குகள் தெரிய வேண்டும். எங்கள் கதவில் ஒரே சீரான பழுப்பு நிறம், அழுத்திய மரமாவு. அதாவது எம்.டி.எஃப். பெட்டியின் உடம்போ இன்னும் மோசம். கழிவுநீர்க் குழாய் போவதற்காகப் போட்டிருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். துகள்துகளாக, பசையில் ஒட்டிய மரச்செதில்கள். பார்ட்டிகிள் போர்டு, அதாவது துகள்பலகை. இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஐந்து நிமிடமும் போதும். பொருத்திய அன்றே செய்திருக்கலாம். நான் அன்று கதவைத் திறந்து மூடி, சத்தமில்லாமல் மூடுகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பலகைகளை நான் திட்டவில்லை. துணி அலமாரிக்கும் புத்தக அடுக்குக்கும் அவை பல ஆண்டுகள் உழைக்கும். பெயிண்ட் அடிக்கும் கதவுக்கு எம்.டி.எஃப். மழமழவென்று பிளைவுட்டைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் சாதாரணத் துகள்பலகை ஒருமுறை நீர் குடித்து உப்பினால் காய்ந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது. எங்கள் வீட்டில் அடுத்த மாதமே அந்த அலமாரியின் கதவு கீலோடு சாய்ந்தது அதனால்தான். போதாக்குறைக்கு, கண்ணுக்குத் தெரியும் முன் விளிம்புகளில் மட்டும்தான் பட்டை ஒட்டியிருந்தார்கள். பின் விளிம்பு, அடி விளிம்பு, குழாய் ஓட்டையின் வெட்டு எல்லாம் எதுவும் ஒட்டாமல் திறந்தே கிடந்தன. நல்ல பலகையாக இருந்தாலும் வெட்டிய இடத்தைப் பூசி அடைக்காமல் விட்டால் ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.

கீல்களின் கதை இன்னொரு வேடிக்கை. காட்சிக்கூடத்தில் ஒரு காந்தத்தை எடுத்துக் கீலின் மேல் வைத்தார்கள். ஒட்டவில்லை. "பார்த்தீர்களா, 304 ஸ்டீல்." நாங்களும் தலையாட்டினோம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: 304 என்பது துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை, அதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை குறைந்த 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது! காந்தத்தால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. சிங்க்கின் அருகில் இருந்த எங்கள் கீல்கள் இரண்டும் துருப்பிடித்து அதைச் சொல்லின.

அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டிய டைல்ஸில் நடந்ததைக் கேளுங்கள். மாதிரியாகக் காட்டியது போர்சலின். வந்தது அதே படம் அச்சிட்ட செராமிக். இதற்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. போர்சலின் நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது, சாதாரணச் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனாலும் சமையலறைச் சுவருக்கு மேற்பூச்சுள்ள செராமிக் போதும். ஆத்திரம் வந்தது வேறு இடத்தில். சுவரின் இடப்பாதி ஒரு வெள்ளை, வலப்பாதி இன்னொரு வெள்ளை. பகலில் தெரியாது, மேல் அலமாரியின் அடியில் உள்ள விளக்கைப் போட்டால் நடுவில் கோடு கிழித்ததுபோல் தெரியும். டைல்ஸ் பெட்டியின் மேல் ஷேட் எண் என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். ஒரே பெயர், ஒரே வடிவம் என்றாலும் சூளையில் வெந்த தவணைக்குத் தவணை நிறம் சற்று மாறும். அதற்காகத்தான் அந்த எண். எங்களுக்கு வந்த பெட்டிகளில் இரண்டு எண்கள் கலந்திருந்தன. பெட்டிகளைக் குப்பைக்குப் போட்டபோது என் கையில் சிக்கிய இரண்டு அட்டைகளைப் பார்த்துத்தான் இது தெரிந்தது. ஒட்டுவதற்கு முன் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒட்டிய பிறகு அது சுவர்.

குளியலறைக்கு வருகிறேன், உண்மையில் பெரிய நஷ்டம் அங்கேதான். விலைப்புள்ளியில் "நீர்க்கசிவுத் தடுப்பு, இரண்டு பூச்சு" என்று இருந்தது. காலையில் பழைய தரையைப் பெயர்த்தவர்கள் மாலையில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பூச்சு எப்போது பூசினீர்கள், எப்போது காய்ந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பூசிக் காய்ந்த பிறகு வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுக் கீழேயும் பக்கத்துச் சுவரிலும் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது மாதம் பக்கத்து அறையில் படுத்திருந்த என் மாமியார், "ஓத வாடை அடிக்கிறதே அம்மா" என்றார். மழைக்காலமாக இருக்கும் அத்தை என்று சொல்லிவிட்டேன். அவர் மூக்கை நம்பியிருக்க வேண்டும். பிறகு அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்தது.

வாட்டமும் சரியில்லை. குளித்து முடித்தால் தண்ணீர் வடிகாலை விட்டுக் கதவு மூலைக்குப் போய் நிற்கும். தரை டைல்ஸாவது சொரசொரப்பாக இருக்கிறதா என்றால், சுவருக்குத் தேர்ந்த பளபளப்பையே தரைக்கும் போட்டிருந்தார்கள். "R9 தரம் இருக்கிறது, வழுக்காது" என்றார் மேற்பார்வையாளர். R9 முதல் R13 வரை போகும் அந்த அளவில் R9 தான் அடிமட்டம். அதுவும் காலணி போட்டுக்கொண்டு நடந்து பார்க்கும் சோதனை. ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பதற்கு A, B, C என்று தனி வகைப்பாடே இருக்கிறது. C தான் அதிகம் பிடிக்கும். நாங்கள் இப்போது ரப்பர் விரிப்புப் போட்டு வைத்திருக்கிறோம்.

கறுப்பு நிறக் குழாய்கள் மட்டும் முழுக்க என் தப்பு. படத்தில் அழகாக இருந்தன. ஒவ்வொரு நீர்த்துளியும் வெள்ளைத் தடமாக அதன் மேல் காய்ந்து நிற்கும் என்று யாரும் என்னை ஏமாற்றி மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை.

புகார் சொல்லப் போனோம். மேலாளர் மிகுந்த மரியாதையோடு உட்கார வைத்தார். நான் பலகைத் துண்டை மேசை மேல் வைத்தேன். அவர் விலைப்புள்ளியைத் திருப்பி, "அல்லது அதற்கு இணையானது" என்ற இடத்தில் பேனா முனையை வைத்தார்.

"எதற்கு இணை? தண்ணீரில் மூன்று மாதம் கிடந்ததே, அதற்கா?" என்று கேட்டேன்.

"இது பொறியியல் மரம், மேடம். உறுதியில் இணையானது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

சரி, பத்து ஆண்டு உத்தரவாதம் என்றீர்களே என்றார் கணவர். உத்தரவாத அட்டையின் பின்புறத்தை மேலாளரே படித்துக் காட்டினார்: நீரால் ஏற்படும் சேதம் இதில் அடங்காது. சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டுமே பொருள் விற்கும் நிறுவனம் அது!

பிடித்து வைத்துக் கேட்பதற்கு எங்கள் கையில் பணமும் இல்லை. தவணைகளை அவர்கள் தேதி போட்டுப் பிரித்திருந்தார்கள். வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை. கடைசித் தவணையைக் கொடுத்த நாளில் சிங்க்கில் தண்ணீர் இணைப்புகூட வரவில்லை. பத்தில் ஒரு பங்கையாவது, ஒரு மாதம் புழங்கிய பிறகு தருகிறோம் என்று நிறுத்தி வைத்திருந்தால் அந்த மேலாளரின் பேனா வேறு இடத்தில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். பல முறை நடையாய் நடந்த பிறகு சிங்க் அலமாரியின் தரைப்பலகையை மாற்றித் தந்தார்கள். அதே துகள்பலகை, புதியது.

இப்போது அந்தத் தச்சரே சிங்க்குக்குக் கீழுள்ள பகுதியைப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார். இந்தமுறை மாதிரித் துண்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் பலகையின் வகை, கனம், தயாரிப்பாளரின் முத்திரையில் உள்ள எண், தேதி எல்லாம் எழுதி, அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார். பலகைகள் வந்து இறங்கியதும், லேமினேட் ஒட்டுவதற்கு முன், ஒவ்வொன்றின் விளிம்பையும் அந்தத் துண்டோடு வைத்துப் பார்த்தேன். குளியலறைத் தரையை உடைப்பதற்கு இன்னும் மனமும் வரவில்லை, பணமும் சேரவில்லை.

போன வாரம் அந்தக் காட்சிக்கூடத்தின் வழியாக நடந்துபோனேன். கண்ணாடிக்கு உள்ளே, புதிதாக வீடு கட்டுகிறவர்கள் போலிருந்த ஒரு கணவன் மனைவி நின்றிருந்தார்கள். விற்பனையாளர் குவளையிலிருந்து துண்டை எடுத்துத் துடைத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அதே துண்டுதான். இன்னமும் ஓர் அடுக்குகூடப் பிரியவில்லை.