ஷ்டுட்கார்ட்டில் ஒரே ஒரு நாள்: பென்ஸா, போர்ஷேயா?

"ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் ஒரு நாள் கையில் இருக்கிறது, எந்தக் கார் மியூசியத்துக்குப் போகலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மெர்சிடீஸ் பென்ஸ். நான் இரண்டையும் பார்த்தவன். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது ஒன்றைத்தான் காட்ட முடியும் என்றானது. நன்றாக யோசித்துவிட்டு அப்போதும் பென்ஸுக்குத்தான் கூட்டிப்போனேன். போர்ஷே மியூசியத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, அதுவும் அருமையான இடம். ஆனாலும் ஒரு விஷயத்தில் பென்ஸ் எங்கோ போய்விடுகிறது. கார்களின் எண்ணிக்கையை வைத்து நான் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் எல்லோரும் கேட்கிற சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. போய்ச்சேர எளிது போர்ஷேதான்: சென்ட்ரல் ஸ்டேஷனில் எஸ் 6 ரயில் ஏறி, ட்சுஃபன்ஹவுசன் பக்கம் போர்ஷேபிளாட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே கட்டடம். பென்ஸுக்கு எஸ் 1 ரயிலில் பாட் கான்ஷ்டாட் தாண்டி நெக்கர்பார்க்கில் இறங்கி, கால்பந்து ஸ்டேடியம் வழியாகக் கொஞ்சம் நடக்க வேண்டும். டிக்கெட் விலை போர்ஷேயில் சற்றுக் குறைவு. மியூனிக்கில் இருக்கும் பிஎம்டபிள்யூ மியூசியத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். மியூனிக்கில் தங்குகிறவர்களுக்கு அது சரி. ஒரு நாளுக்காக அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ரயிலில் அலைய வேண்டாம்.

அளவில் இரண்டும் வேறு வேறு. பென்ஸில் 16,500 சதுர மீட்டரில் சுமார் 160 வண்டிகள். போர்ஷேயில் 5,600 சதுர மீட்டரில் சுமார் 80. ஆகவே பென்ஸ் பெரிது, போர்ஷே சின்னது. பெரிது என்றால் நல்லது என்று ஆகிவிடாது. ஒரு நாள் பயணத்தில் பெரிய மியூசியம் பல நேரம் தொல்லைதான்.

போர்ஷே மியூசியம் 2009 ஜனவரியில் திறக்கப்பட்டது. வியன்னாவைச் சேர்ந்த டெலுகன் மைஸ்ல் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. பிரம்மாண்டமான கண்காட்சிக்கூடம் மூன்றே தாங்குதூண்களின் மேல் தரையைத் தொடாமல் நிற்கும். உள்ளே எல்லாம் வெள்ளை, அதற்கு நடுவே வண்ண வண்ணமாய்க் கார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நிறைவாகப் பார்த்துவிடலாம். 1939இன் டைப் 64, அதன் அலுமினிய உடலின் வளைவு, அங்கிருந்து 1948இல் ஆஸ்திரியாவின் குமுண்டில் உருவான முதல் 356, அப்புறம் 911 என்று ஒரே குடும்ப முகம் வளர்ந்துவருவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. 1970இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தேடித்தந்த 917 வகைக் கார்கள் இங்கேதான். 956 ரேஸ் காரைத் தலைகீழாகக் கூரையில் மாட்டியிருக்கிறார்கள். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காற்று அழுத்துகிற விசை வண்டியின் எடையை மிஞ்சிவிடும், கணக்குப்படி அது கூரையிலேயே ஓடலாம் என்பதைக் காட்டத்தான் அந்த ஏற்பாடு. பக்கம் பக்கமாக விளக்கினாலும் இந்த அளவுக்கு மனதில் பதியாது.

போர்ஷேயில் என்னை மிகவும் கவர்ந்தது கீழ்த்தளத்துப் பட்டறை. மியூசியத்துக்குள் நுழையும்போதே கண்ணாடி வழியாக மெக்கானிக்குகள் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவது தெரியும். இங்குள்ள வண்டிகளில் பலவும் ஓடும் நிலையில் இருக்கின்றன, பந்தயங்களுக்கும் விழாக்களுக்கும் வெளியே போய்வருகின்றன. அதனால் இன்று பார்த்த வண்டி அடுத்த முறை இருக்காமல் போகலாம், புதிதாக வேறொன்று வந்திருக்கலாம். 2014இல் ஒரு பழைய கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த, அடிச்சட்ட எண் 57 கொண்ட 911ஐக் கண்டெடுத்து, மூன்று ஆண்டுகள் உழைத்து மீட்டு, 2017இல் இங்கே காட்சிக்கு வைத்தார்கள். கார்மீது பற்று உள்ளவர்களுக்கு அந்தப் பட்டறையின் கண்ணாடி ஓரம் ஒன்றே போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் பென்ஸ் என்கிறேன்? நடக்கும் வழிக்காக.

மியூசியம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரம் தாண்டியதும் கால் கடுக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு கண் பார்க்கும், மனம் வாங்காது. விளக்கப் பலகைகளைப் படிப்பது நின்றுபோகும், அடுத்தது என்ன, வெளியே போகும் வழி எங்கே என்றுதான் தேடுவோம். எத்தனை அரிய பொருள் வைத்திருந்தாலும் இந்தச் சோர்வைக் கணக்கில் எடுக்காத மியூசியத்தில் பாதி வீண். கூட வருபவருக்கு நம் ஆர்வம் இல்லையென்றால் இது இன்னும் மோசமாகும். நாம் ஒரு இன்ஜின் முன்னால் நிற்போம், அவர் எங்காவது பெஞ்சைத் தேடி உட்கார்ந்துவிடுவார்.

பென்ஸ் மியூசியத்தைக் கட்டியவர்கள் இதை முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் யுஎன் ஸ்டூடியோவைச் சேர்ந்த பென் வான் பெர்கெலும் கரோலின் போஸும் வடிவமைத்து, 2006 மே மாதம் திறந்த கட்டடம் அது. உள்ளே போனதும் லிஃப்ட்டில் நேராக உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்வையாளர் செய்ய வேண்டியதெல்லாம் இறங்குவதுதான். படி ஏறுவது, திரும்பி வருவது, வழி தேடுவது எதுவும் கிடையாது. மெல்லச் சரியும் தளங்களில் கால் தானாகக் கீழே போகிறது.

இறங்குவதற்கு இரண்டு பாதைகள். இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே வருகின்றன. ஒரு பாதையில் ஏழு வரலாற்று அறைகள்: 1886இல் தொடங்கி ஆண்டு வரிசையில் கம்பெனியின் கதை. இன்னொன்றில் ஐந்து தொகுப்பு அறைகள்: பயணிகள் வண்டிகள், சரக்கு வண்டிகள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற உதவி வண்டிகள், பிரபலங்களின் வண்டிகள் என்று வகைவகையாக. முதல் பாதையின் அறைகளில் வெளி வெளிச்சமே இல்லை, நாடக மேடைபோல விளக்கொளி மட்டும். இரண்டாம் பாதையில் பெரிய பெரிய ஜன்னல்கள், பகல் வெளிச்சம், வெளியே நெடுஞ்சாலை, ஊர், மலைச்சரிவு. இருட்டில் கதை கேட்டுக் களைத்ததும் வெளிச்சத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பாதையிலிருந்து அந்தப் பாதைக்குத் தாவ இடம் விட்டிருக்கிறார்கள். கண்ணும் மனமும் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப வருகின்றன. அந்தக் கட்டடத்தின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்பேன்.

இப்படிக் கதவும் சுவரும் இல்லாமல் எல்லாத் தளங்களும் நடு முற்றத்தை நோக்கித் திறந்து கிடந்தால், தீப்பிடித்தால் புகை என்ன ஆகும்? அதற்கும் விடை வைத்திருக்கிறார்கள். சுவர்களில் இருக்கும் 144 துவாரங்களிலிருந்து காற்றைப் பீய்ச்சி முற்றத்துக்குள்ளேயே ஒரு சுழற்காற்றை உண்டாக்கி, புகையைச் சுருட்டி மேலே வெளியேற்றிவிடுகிறது ஒரு இயந்திரம். 34.4 மீட்டர் உயரத்துக்கு எழும் அந்தச் செயற்கைச் சூறாவளிக்கு கின்னஸ் சாதனையே உண்டு. பார்வையாளர் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்துக்காக இவ்வளவு பொறியியல்!

வழி நன்றாக இருப்பதால் கதையும் நன்றாக விழுகிறது. உச்சியில் லிஃப்ட் திறந்ததும் முதலில் நிற்பது ஒரு வெள்ளைக் குதிரைச் சிலை. கூடவே, குதிரைமேல்தான் தனக்கு நம்பிக்கை, மோட்டார் வண்டியெல்லாம் கொஞ்ச நாள் சமாச்சாரம் என்று ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சொன்னதாகச் சொல்லப்படும் வாசகம். பல சுற்று கீழே இறங்கினால், பிரபலங்களின் வண்டிகளுக்கு நடுவே அதே வில்ஹெல்மின் 1932 மாடல் பென்ஸ் 770 கார் நிற்கிறது. நடந்துவந்த தூரம்தான் அந்த இரண்டையும் இணைத்துக் காட்டுகிறது.

குதிரையைத் தாண்டியதும் 1886. ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியும், அதே காலத்தில் கான்ஷ்டாட்டில் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கிய சிறிய இன்ஜினும் அடுத்தடுத்து (டைம்லர் கம்பெனியும் பென்ஸ் கம்பெனியும் பின்னாளில் ஒன்றாகின). 1888இல் பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப்போன கதை எனக்கு மிகப் பிடித்தது. வழியில் வீஸ்லோக் ஊரில் மருந்துக்கடையில் லிக்ரோயின் என்ற பெட்ரோல் மாதிரியான திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்தில் இல்லாத காலம். அந்த மருந்துக்கடையைத்தான் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்கிறார்கள்.

அப்பாவுக்கு அந்த ரேஸ் கார்கள்மீதெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. நாமக்கல் பக்கம் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவர். சரக்கு வண்டிகள் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். டாட்டா நிறுவனம் 1954 முதல் 1969 வரை டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. அந்த வண்டிகளின் முகப்பில் இதே மூன்றுமுனை நட்சத்திரம். ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் ஆங்கில 'டி' எழுத்து வந்தது. "எங்க முதலாளியோட மொத வண்டியில இந்த நட்சத்திரந்தான் தம்பி இருந்துச்சு. தெனமும் நாந்தான் தொடைப்பேன்" என்றார். நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு மற்ற பாதைக்குத் தாவி, சில்வர் ஆரோ எனப்படும் வெள்ளி நிறப் பந்தயக் கார்களைப் பார்க்கக் கீழே இறங்கினேன். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. போர்ஷேயில் அவருக்கு இப்படி ஒரு அறை கிடைத்திருக்காது, அது ஸ்போர்ட்ஸ் கார் மியூசியம். பென்ஸில் புவனஸ் ஐரிஸ் நகரத்து வண்ணமயமான டவுன் பஸ்கூட உண்டு.

பந்தயப் பிரியர்களுக்கும் பென்ஸ் குறை வைக்கவில்லை. 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூப்பே என்ற பென்ஸ் கார் உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்றை 2022 மே 5 அன்று இதே கட்டடத்தில் வைத்து 13.5 கோடி யூரோவுக்கு விற்றார்கள். இன்னொன்று கம்பெனியிடமே இருக்கிறது. 1955 லெ மானில் ஒரு 300 எஸ்எல்ஆர் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்ததையும், அந்த ஆண்டோடு பென்ஸ் பந்தயத்தை விட்டு விலகியதையும் தெரிந்துகொண்டு போய் அந்த வெள்ளிக் கார்களின் முன்னால் நில்லுங்கள். பார்வையே மாறும்.

கம்பெனி மியூசியம் என்றால் கம்பெனி தன்னைப் பற்றித் தானே பேசுவது. இரண்டுக்கும் இது பொருந்தும். போர்க்காலத்தில் டைம்லர் பென்ஸ் ஆலைகளில் பல்லாயிரக்கணக்கானோர் கட்டாய உழைப்புக்கு ஆளானார்கள். 1931இல் போர்ஷே நிறுவனத்தைச் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவரான அடோல்ஃப் ரோசன்பெர்கர் யூதர். 1935இல் தன் பங்கை இழந்தார், அதே ஆண்டு கைதாகி வதைமுகாமில் அடைக்கப்பட்டார். இந்தப் பகுதிகளைப் போவதற்கு முன்பே வீட்டில் படித்துவிடுவது நல்லது.

சின்னக் குழந்தைகளோடு நான் இரண்டுக்கும் போனதில்லை, அதனால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். தொழிற்சாலைச் சுற்றுலாவும் நான் போகவில்லை. போர்ஷே கட்டடத்து உயர்தர உணவகத்தில் சாப்பிட்டதும் இல்லை. 911 என்றால் உயிரைவிடுகிறவர், தனியாக வருகிறவர், மாலை விமானத்துக்கு முன் இரண்டே மணி நேரம் உள்ளவர், இந்த மூவருக்கும் போர்ஷேதான். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக வீட்டாரோடு வருகிறவர்களுக்கு, பென்ஸ்.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியுமா என்றால், முடியும். ரயில் இருக்கிறது, நேரமும் போதும். ஆனால் இரண்டாவது மியூசியம் காலுக்கும் மனதுக்கும் எட்டாது. இரண்டு நாள் கிடைத்தால் முதலில் கான்ஷ்டாட்டில் பென்ஸ், மறுநாள் ட்சுஃபன்ஹவுசனில் போர்ஷே. போர்ஷே நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே 1923 முதல் 1928 வரை டைம்லரில்தான் தொழில்நுட்பத் தலைவர். சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) பூட்டிய எஸ் வரிசைக் கார்கள் அவர் காலத்தவை. அவற்றை முதலில் பார்த்துவிட்டால், மறுநாள் 356க்கு முன்னால் நிற்கும்போது அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பது தெரிந்திருக்கும். 1990களில் பென்ஸின் 500 ஈ காரை ட்சுஃபன்ஹவுசனில் போர்ஷே தொழிலாளர்களே பூட்டித் தந்தார்கள் என்பதையும் அங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.