மாண்டெலூகாஸ்ட் – லெவோசெட்டிரிசின் கூட்டு மாத்திரை: ஒரு மாத அனுபவம்

போகிக்கு முன்பு பரணை ஒழித்து ஒட்டடை அடித்த அன்று தொடங்கிய தும்மல் இரண்டு வாரமாகியும் ஓயாததால், காது மூக்கு தொண்டை மருத்துவர் எனக்கு எழுதித் தந்த மாத்திரை இது. மாண்டெலூகாஸ்ட் 10 மில்லிகிராமும் லெவோசெட்டிரிசின் 5 மில்லிகிராமும் சேர்ந்தது. இரவு ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் பல பெயர்களில் இதை விற்பதால், பெயரை விட்டுவிட்டு மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தும்மலும் மூக்கொழுகலும் கண் அரிப்பும் மறுநாளே வெகுவாக அடங்கின. ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் வேலை செய்யவிடாமல் தடுப்பது லெவோசெட்டிரிசின் என்பதால், இந்தப் பலனை அதன் கணக்கில்தான் வைக்க வேண்டும். மூக்கடைப்பு மட்டும் அசையவில்லை. லுகோட்ரையீன் என்ற வேறொரு பொருளைத் தடுக்கும் மாண்டெலூகாஸ்ட் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். மூன்று வாரம் கழிந்தும் வாயால்தான் மூச்சுவிட்டுத் தூங்கினேன்.

‘தூக்கம் வராத மாத்திரை’ என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். தூக்கத்தை வரவழைக்கும் பழைய ஒவ்வாமை மாத்திரையான சிபிஎம்மோடு (குளோர்பெனிரமின்) ஒப்பிட்டால் அது சரி. ஆனாலும் காலை பத்து மணி வரை தலை கனத்திருந்தது, நாக்கு உலர்ந்தது, வண்டி ஓட்டத் தயங்கினேன். என்னைக் கலங்கவைத்தது வேறு. இரண்டாம் வாரத்திலிருந்து, விழித்த பிறகும் பதற்றம் விலகாத அளவுக்குத் தெளிவான கெட்ட கனவுகள் வந்தன. காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன் என்று மனைவி சொன்னபோது அலுவலகத்தின் மீது பழி போட்டேன். பிறகுதான், மாண்டெலூகாஸ்ட்டால் மனநிலை மாற்றங்களும் தற்கொலை எண்ணமும்கூட ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்ததையும், மூக்கு ஒவ்வாமைக்கு மற்ற மருந்துகள் பலன் தராத அல்லது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டுமே இதைத் தர அறிவுறுத்தியதையும் படித்தேன். இந்தச் செய்தியை எனக்கு மருத்துவரும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. மருத்துவரிடம் தெரிவித்ததும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரத்தில் கனவுகள் நின்றன. மருந்துதான் காரணம் என்று ஒருவரின் அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், மீண்டும் போட்டுச் சோதித்துப் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

மாற்றாகத் தந்த ஃப்ளூட்டிகாசோன் மூக்கு ஸ்ப்ரே முதல் நான்கு நாள் ஏமாற்றியது; அதற்குப் பிறகு அடைப்பு திறந்தது. மூக்கின் நடுச்சுவரை நோக்கி அடித்ததால் ஒருமுறை ரத்தம் கசிந்தது. அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்கக் கற்ற பின் அந்தத் தொல்லை இல்லை. தும்மல் மிகும் நாளில் மட்டும் ஃபெக்ஸோஃபெனாடின் 120 மில்லிகிராம்; பழச்சாறு அது உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் தண்ணீரில்தான் விழுங்குகிறேன்.

அரை அட்டை மாத்திரை மிச்சமிருந்தது. தும்மிக்கொண்டிருந்த மாமனார் கேட்டார். லெவோசெட்டிரிசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், அவரைப் போலச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைத்தோ தவிர்த்தோதான் எழுதுவார் என்று சொல்லி, கொடுக்க மறுத்துவிட்டேன்.