பழைய கணினிக்குள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: நான்கு ஆண்டு அனுபவம்

என் மேசைக் கணினி 2011இல் வாங்கியது. அதிலிருந்த 500 ஜி.பி. டிஸ்க்கில் 9 ஜி.பி. மட்டும் மிச்சம் என்ற நிலை வந்தபோது, கேமராவிலிருந்து படங்களை ஏற்றுவதற்கு முன் எதை அழிக்கலாம் என்று தேடுவதே வேலையாகிவிட்டது. மற்றபடி கணினியில் ஒரு குறையும் இல்லை. அதனால் 4 டி.பி. டிஸ்க் ஒன்றை வாங்கி நானே உள்ளே பொருத்தினேன். நான்கு ஆண்டுகளாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் இதுவரை ஒருநாள்கூடத் தொல்லை கொடுத்ததில்லை. தொல்லை எல்லாம் அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னப் பொருள்களிலிருந்துதான் வந்தது. அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

வாங்குவதற்கு முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டில் காலி சாட்டா போர்ட் (டிஸ்க்கின் தரவுக் கேபிளைச் செருகும் இடம்), பவர் சப்ளையில் காலி இணைப்பு, டிஸ்க் வைக்கக் காலி இடம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். என்னுடையது சாட்டா 2 போர்ட். புதிய டிஸ்க்குகள் எல்லாம் சாட்டா 3 என்பதால் பொருந்துமா என்ற தயக்கம் பலருக்கும் இருக்கும். தாராளமாகப் பொருந்தும். சாட்டா 2 வழியாக நொடிக்கு ஏறத்தாழ 300 எம்.பி. போக முடியும். சுழலும் டிஸ்க் பெரும்பாலும் 200 எம்.பி.யையே எட்டாது. சுழலும் பாகமே இல்லாத, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.க்குத்தான் பழைய போர்ட் தடையாக நிற்கும்.

பவர் இணைப்பில் மட்டும் அவசரப்படக் கூடாது. என் பவர் சப்ளையில் இருந்த சாட்டா பவர் முனைகள் இரண்டே இரண்டு: ஒன்று பழைய டிஸ்க்குக்கு, மற்றொன்று டிவிடி டிரைவுக்கு. மோலெக்ஸ் எனப்படும் பழைய நான்கு முள் பவர் முனையைச் சாட்டாவாக மாற்றும் மலிவான இணைப்புக் கம்பி எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஆனால் அவற்றில், கம்பிகளைப் பிளாஸ்டிக்குக்குள் உருக்கி வார்த்த வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீய்ந்துபோவது தெரிந்த பிரச்சினை. கட்டாயம் தேவையென்றால், கம்பிகள் தனித்தனியாகச் செருகி இறுக்கப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும் வகையை வாங்குங்கள். நான் பல மாதங்களாகத் தொடாத டிவிடி டிரைவின் முனையைப் பிடுங்கிப் புதிய டிஸ்க்குக்குக் கொடுத்துவிட்டேன்.

பொருத்தும்போது மூன்று திருகுகள் நன்றாகப் பிடித்தன. நான்காவது மட்டும் பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்து மற்றவற்றின் அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் மரை நெருக்கமாகவும் தண்டு சற்று மெல்லியதாகவும் இருப்பது தெரிந்தது. அது டிவிடி டிரைவுக்கான திருகு. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு மரை அகன்ற, சற்றுத் தடித்த திருகு வேண்டும். ஒன்று குறைந்தால் என்ன என்று மூன்றோடு விட்டேன். இரண்டு வாரத்தில் கேபினெட்டிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. சரியான திருகைத் தேடிப் போட்டதும் அந்தச் சத்தம் நின்றது.

முதல் முறை ஆன் செய்தபோது விண்டோஸ் வரவில்லை. இயங்குதளம் இல்லை என்ற செய்திதான் திரையில் நின்றது. கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள், புதிய டிஸ்க்கை இயங்குதளம் தேடும் வரிசையில் முதலாவதாக வைத்துவிட்டிருந்தது. பூட் வரிசையை மாற்றியதும் சரியானது. அதன் பிறகும் மை கம்ப்யூட்டரில் புதிய டிஸ்க் தென்படாது. விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து அதைத் தயார்ப்படுத்திய பிறகே தென்படும். அங்கே, டிஸ்க்கின் பகுதிப் பட்டியலை எம்.பி.ஆர். முறையில் வைப்பதா, ஜி.பி.டி. முறையில் வைப்பதா என்று கேட்கும். நான் யோசிக்காமல் எம்.பி.ஆர். கொடுத்ததில் 2,048 ஜி.பி. மட்டுமே பயன்படுத்தக் கிடைத்தது. மீதி 1,678 ஜி.பி. தொட முடியாத கறுப்புப் பட்டையாக நின்றது. எம்.பி.ஆர். முறையால் 2 டி.பி.க்கு மேல் கணக்கு வைக்க முடியாது. பார்ட்டிஷன் எதுவும் போடாததால் ஜி.பி.டி.க்கு மாற்றுவது ஒரு நொடி வேலையாக முடிந்தது. பயாஸுக்குப் பதிலாகப் புதிய கணினிகளில் வரும் யு.இ.எஃப்.ஐ. என் கணினியில் இல்லை. ஆனாலும் தரவுகளை மட்டும் வைக்கும் ஜி.பி.டி. டிஸ்க்குக்கு அது தேவையில்லை. விண்டோஸைத் தொடங்கும் டிஸ்க்காக்கினால்தான் தேவைப்படும். ஒரு எச்சரிக்கை: ஃபார்மேட் கொடுப்பதற்கு முன் டிஸ்க் 0, டிஸ்க் 1 இரண்டில் எது புதியது என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 4 டி.பி. என்று வாங்கியது 3.63 என்று காட்டும். விண்டோஸ் 1,024இன் மடங்குகளில் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

எட்டாவது மாதத்தில்தான் உண்மையாகவே கலங்கினேன். பெரிய வீடியோ ஒன்றை நகலெடுக்கும்போது வேகம் சுழியத்தில் நின்றது. அரை நிமிடம் கழித்து ஓடியது. மறுநாள் டிஸ்க்கே சில நொடிகள் மறைந்து, திரும்ப வந்தது. பத்து ஆண்டுப் படங்கள் அதில்தான் இருந்தன. டிஸ்க் போய்விட்டது என்றே முடிவு கட்டி, மாற்று டிஸ்க் ஆர்டர் செய்யும் பக்கத்தைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்கு முன், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தது நல்லதாயிற்று. 5ஆம் எண்ணில் வருவது, பழுதானதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) எண்ணிக்கை; சுழியம். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்; அதுவும் சுழியம். ஆனால் 199இல் 312 என்று இருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் சிதைந்து போன தடவைகளை எண்ணுவது அது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, தகவல் போகும் வழிதான் கெட்டிருக்கிறது என்று பொருள்.

கேபினெட்டைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட சாட்டா கேபிளில் பூட்டுத் தகடு இல்லை. டிஸ்க்கை ஒட்டிய இடத்திலேயே அது கூர்மையாக மடங்கியிருந்தது. பக்கவாட்டுத் தகடு அந்த மடிப்பை அழுத்தியதால் முனை ஒரு பக்கம் சற்றே தூக்கிக்கொண்டு நின்றது. பூட்டுள்ள, முனை வளைந்த புதிய கேபிளைப் போட்டேன். அன்றோடு அந்தத் தடுமாற்றம் போனது. 199ஆம் எண் குறையாது, அது மொத்தக் கணக்கு. கூடாமல் நிற்கிறதா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும்.

வெப்பமும் கவனிக்க வேண்டியது. முதலில் இரண்டு டிஸ்க்குகளையும் அடுத்தடுத்த தட்டுகளில் வைத்திருந்தேன்; கோடையில் புதியது 47 டிகிரி வரை ஏறியது. ஒரு தட்டு இடைவெளி விட்டு, முன்பக்க விசிறிக்கு நேராக வைத்ததும் 40ஐத் தாண்டுவதில்லை.

இதனால் கணினி வேகமாகும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம், இடம்தான் கிடைக்கும். வேகத்துக்காக மூன்றாம் ஆண்டில் பழைய 500 ஜி.பி. டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். பழைய போர்ட்டின் தடையோடும் அதுதான் கணினியின் முகத்தையே மாற்றியது. 4 டி.பி. டிஸ்க் வாங்கும்போது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகைதானா என்று விவரக் குறிப்பில் பார்த்து வாங்கியதையும் சரியான முடிவாகவே நினைக்கிறேன். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நிறைய கோப்புகளை அடிக்கடி அழித்து எழுதினால் வேகம் படுத்துவிடும்.

அந்த எட்டாவது மாதக் கலக்கத்துக்குப் பிறகு படங்களின் இன்னொரு பிரதியை வெளி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். ஒரே பெட்டிக்குள், ஒரே பவர் சப்ளையில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளை மின்னழுத்த ஏற்றம் ஒருசேரக் கொண்டுபோகலாம். கோப்புகளைப் பூட்டும் வைரஸும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும்.

இன்று காலை ஸ்மார்ட் விவரங்களை மறுபடி பார்த்தேன். ஓடிய நேரம் பத்தாயிரம் மணியைத் தாண்டியிருக்கிறது. 5ஆம் எண் சுழியம், 197ஆம் எண் சுழியம், 199ஆம் எண் அதே 312.