சொதிக் கறைக்கு வெயில், துருக் கறைக்கு தேசிக்காய்: வீட்டில் தங்கியவையும் போனவையும்

எங்கள் வீட்டில் வெள்ளை உடுப்புத்தான் அதிகம். இலங்கையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீடு வேறு எப்படி இருக்கும்! நாங்கள் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். குழாயில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிறது. விடுமுறை வந்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அம்மா வீடு. அங்கே குழாய்க்கிணறு. அடிக்கும்போது தெளிந்த தண்ணீர், வாளியில் கொஞ்சநேரம் வைத்தால் அடியில் செம்மஞ்சளாகப் படியும், அவ்வளவு இரும்பு. இந்த இரண்டு தண்ணீரிலும் வருடக்கணக்காகத் தோய்த்து வருகிறேன். கறை போக்க என்று வாங்கிய சாமான்களில் சில தங்கின, பல போய்விட்டன.

தங்கியதில் மூத்தது சன்லைட் கட்டி. 2022 நெருக்கடியில் சவர்க்கார விலை ஏறியபோது மலிவான கட்டிகளையும் வாங்கிப் பார்த்தோம். நுரை நன்றாக வந்தது, கொலர் அழுக்கு அப்படியே இருந்தது. கொலரில் ஏறுவது வியர்வையும் தோல் எண்ணெயும். நனைத்த கொலரில் கட்டியை நேரே தேய்த்து, ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் நெசவு ஓடும் பக்கமாகத் தேய்த்தால் போதும். ஆனால் தேத்தண்ணிக் கறையில் கட்டியைப் போடாதீர்கள். தேயிலையில் உள்ள தனின், கட்டிச் சவர்க்காரம் பட்டால் இன்னும் இறுகிக்கொள்ளும். உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, சலவைத் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பதுதான் அதற்குச் சரி.

எங்கள் பக்கத்துப் பெரிய தலைவலி சொதி. பிள்ளைகள் இடியப்பம் சாப்பிட்டு எழும்பினால் சட்டையின் முன்பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் சட்டையைத் தூக்கிக் காட்டினார்: “இஞ்ச பாரு புள்ள, மஞ்சளெண்டு சவர்க்காரம் போட்டன், செக்கச் செவேலெண்டு வந்திட்டு!” அவர் பயந்தது போல துணி கெட்டுவிடவில்லை. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. காரத்தன்மை உள்ளது பட்டால் அது சிவக்கும், புளி பட்டால் திரும்ப மஞ்சளாகும். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டுக் காட்டியதும் மாமிக்கு மூச்சு வந்தது.

நிறம் மாறிவிட்டது என்பதற்காகக் கறை போய்விட்டது என்று இல்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சொதியில் தேங்காய்ப்பால் எண்ணெயும் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே நூலுக்குள் இறங்கும். அதனால் முதலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு எண்ணெயை எடுப்பேன், பிறகுதான் தோய்ப்பேன். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. ஈரத்தோடு, கறைப் பக்கம் மேலே தெரிய, நேர் வெயிலில் விரித்துவிட வேண்டும். மட்டக்களப்பின் சித்திரை, வைகாசி வெயில் மத்தியானத்துக்குள்ளேயே பாதியை எடுத்துவிடும். மிச்சத்துக்குத் திரும்ப நனைத்துப் போடலாம். காசு கொடுத்து வாங்கிய எந்தத் திரவமும் எங்கள் வீட்டில் மஞ்சளுக்கு இந்தளவு வேலை செய்ததில்லை. மாரியில் வெயில் கிடையாது, அப்போது விழுந்த கறை தைப்பொங்கல் தாண்டும் வரை காத்திருக்கும். சாயத்துணியை இப்படிக் காயவிட்டால் கறையோடு சேர்த்துச் சாயமும் போகும்.

குங்குமம் வேறு கதை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் என்றால் மேலே சொன்ன வைத்தியமே போதும். கடைக் குங்குமத்தில் பல செயற்கைச் சாயம், வெயிலுக்கு அசையாது. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போய்வந்த வேட்டியை நனைக்க முன்னம் நன்றாக உதறி, காய்ந்த பிரஷால் தட்டிவிடுவேன். நனைத்தால் பொட்டாக இருந்தது படமாகப் படர்ந்துவிடும்.

வீட்டை விட்டு முற்றாகப் போனது குளோரின் ப்ளீச். கடையில் வெள்ளைக்கு என்று கேட்டால் முதலில் எடுத்துத் தருவது அதைத்தான். கல்லடித் தண்ணீரில் பரவாயில்லை. அம்மா வீட்டுக் குழாய்க்கிணற்றில் அதே ப்ளீச், வெள்ளைச் சட்டையைப் பழுப்பாக்கிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை அது துருவாக மாற்றித் துணியிலேயே படியவைக்கும். மஞ்சளித்துவிட்டதே என்று இன்னும் ஒரு மூடி ஊற்றினால் இன்னும் மஞ்சளிக்கும். அங்கத்தைய பாதி வீடுகளில் சீருடை வெளுக்காததற்குக் காரணம் அழுக்கு இல்லை, ப்ளீச்தான் என்பது என் அபிப்பிராயம். அந்தத் துருவுக்கு தேசிக்காயும் உப்பும் போதும். கறையில் உப்பைத் தூவி, தேசிக்காய் பிழிந்து, வெயிலில் வைத்துப் பிறகு நன்றாக அலசவேண்டும். ஒன்று முக்கியம்: ப்ளீச் போட்ட துணியில் தேசிக்காயோ வினாகிரியோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. பட்டுக்கும் கம்பளிக்கும் ப்ளீச் கிட்டவும் போகக்கூடாது.

அதன் இடத்துக்கு வந்தது ஒட்சிசன் ப்ளீச் தூள். இளஞ்சூட்டுத் தண்ணீரில்தான் அதற்கு உயிர் வரும், குளிர்ந்த தண்ணீரில் கரைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று திட்டக்கூடாது. கரைத்ததை நாளைக்கு என்று வைக்கவும் முடியாது. விலை கூட. மாரியில் மடித்துவைத்த உடுப்பில் விழும் கறுப்புப் புள்ளிக்கு இதை நம்புகிறேன். புதுப்புள்ளி போகும், பழசு சாம்பல் நிறத்தில் நின்றுவிடும்.

இரத்தம், மீன் வெட்டிய கறை இரண்டுக்கும் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் புரதம் இறுகிவிடும். காய்ந்த இரத்தத்துக்கு பாமசியில் வாங்கும் 3% ஹைட்ரஜன் பெரொக்சைட், வெள்ளைத் துணியில் மட்டும். போல்பொயின்ட் மைக்குக் கை சனிட்டைசர். சைக்கிள் செயின் கிறீசுக்கு மண்ணெண்ணெயை விட பாத்திரத் திரவம் மேல், வாசமும் மிஞ்சாது.

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் எதைப் போட முன்னமும் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்ப்பேன். சாயம் ஒட்டினால் அதைப் பச்சைத் தண்ணீரில் தனியாகத்தான் தோய்ப்பது. கைத்தறிச் சாரத்தில் கறை இருந்தாலும் கட்டலாம், திட்டுத்திட்டாக வெளிறினால் கட்ட முடியாது.

இத்தனைக்கும் மசியாத கறை ஒன்று உண்டு. மரமுந்திரிகைப் பழச்சாறு. விழும்போது தண்ணீர் மாதிரித்தான் இருக்கும், காய்ந்ததும் மண்ணிறமாகும். வாழைக்கயரையாவது, அதாவது வாழைப்பால் கறையை, காயமுன்னம் பிடித்தால் கொஞ்சம் குறைக்கலாம். மரமுந்திரிகைக் கறைக்கு தேசிக்காய், தூள், வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா வீட்டு மரம் பழுக்கிற காலத்தில் பிள்ளைகளுக்குக் கழித்துவைத்த கழுசானையும் பழைய பெனியனையும் மட்டும்தான் இப்போது பையில் வைக்கிறேன்.